தாத்தாவின் இறப்புப் பதிவு

கேள்வி: 1950களில் ரப்பர் தோட்டத்தில் இறந்த என் தாத்தாவின் இறப்புப் பதிவை எங்கே தேடுவது? - வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: முதலில் வீட்டுப் பழைய பெட்டியைக் குடையுங்கள், அம்மா. கருமக்கிரியை அட்டையோ, சாமிப் படத்தின் பின்னால் பென்சிலில் எழுதிய திதியோ கிடைக்கலாம். தேதி தெரிந்தால் தேசியப் பதிவிலாகாவில் நகல் கேட்பது எளிது. பெயரைப் பலவிதமாக எழுதிக் கொடுங்கள். ஆறுமுகத்தை அர்மோகம் ஆக்கிய கிராணிமார் (தோட்டத்து எழுத்தர்கள்) ஏராளம்.

மரண அறிவித்தல்களுக்கு 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் பழைய இதழ்கள் இருக்கின்றன. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்திலேயே வைத்திருக்கிறது. ஆனால் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டியவர் வீட்டில் அறிவித்தல் கொடுக்கக் காசு ஏது? ஆகவே தோட்டத்து இடுகாட்டுக்கும் ஒரு நடை போங்கள். லாலான் புல்லை வெட்டி விலக்கினால் சிமெண்டுக் கல்லில் தேதி தெரியலாம். நிலம் கைமாறுமுன் போய்விடுங்கள்.