மோட்டாரை மாற்றும் முன் இருக்கைக்கு அடியில் பாருங்கள்

கேள்வி: கேரளப் பதிவுள்ள பழைய கார் ஒன்றை வாங்கித் தக்கலையில் ஓட்டிவருகிறேன். ஓட்டுநர் இருக்கையைச் சுவிட்ச் மூலம் முன்னே கொண்டுவரும்போது சில நேரம் பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது சாய்வுக்கும் உயரத்துக்கும் உள்ள சுவிட்சுகளும் வேலை செய்வதில்லை. இருக்கையை உடம்பால் அசைத்துத் தள்ளினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஏர்பேக் விளக்கும் அவ்வப்போது எரிகிறது. மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். நானே எதையாவது சரிபார்க்க முடியுமா?

பதில்: மோட்டாருக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டாம். முன்பின் நகர்வு, சாய்வு, உயரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. மூன்றும் ஒரே நொடியில் பழுதாகி, இருக்கையைத் தள்ளியதும் ஒன்றாகச் சரியாகிவிடுவதில்லை. ஆகவே கோளாறு மூன்றுக்கும் பொதுவான வழியில், அதாவது பியூஸிலிருந்து வரும் தடித்த பவர் வயரிலோ, பாடியில் முறுக்கியிருக்கும் எர்த் வயரிலோ, இருக்கைக்கு அடியில் இவ்விரண்டும் சேரும் கனெக்டரிலோ இருக்கிறது. முன்னே மட்டும் போய்ப் பின்னே வராமல் இருந்திருந்தால் சுவிட்சைச் சந்தேகித்திருப்பேன். ஏனெனில் ஒரு மோட்டாருக்கு இரண்டே வயர்கள்தாம், சுவிட்ச் அவற்றின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுப்பதால்தான் திசை மாறுகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில கார்களில் சூடேறினால் தானே துண்டித்து, ஆறியபின் தானே சேரும் சர்க்யூட் பிரேக்கர் இருக்கும். இருக்கைத் தண்டவாளத்தில் தண்ணீர் பாட்டில் மூடியோ நாணயமோ சிக்கி மோட்டார் திணறினாலும் எல்லாச் சுவிட்சுகளும் ஒன்றாக நின்றுபோகும். அடுத்தமுறை நிற்கும்போது இருக்கையைத் தொடாமல் இரண்டு நிமிடம் காத்திருங்கள். தானாகவே மீண்டால் தண்டவாளத்தைச் சுத்தம் செய்யுங்கள். தள்ளினால்தான் மீள்கிறது என்றால் வயர்தான்.

குனிந்து பார்ப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் உறை போட்ட வயரோ தென்பட்டால், அது பக்கவாட்டு ஏர்பேக்குக்கோ சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் வெடிப்பொறிக்கோ செல்வது. மல்டிமீட்டரில் மின்தடையை அளக்கும் ஓம் அளவீட்டில் போகும் சிறு மின்னோட்டம்கூட அதைத் தூண்டிவிடக்கூடும் என்பதால், அங்கே மீட்டரையோ டெஸ்ட் லாம்பையோ ஒருபோதும் வைக்கக் கூடாது. பவர் வயரும் மஞ்சள் வயரும் ஒரே கனெக்டருக்குள் இருக்கும் கார் என்றால் வேலையை அங்கேயே நிறுத்தி, ஏர்பேக் வேலை தெரிந்தவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

தனித்தனியாக இருந்தால், முதலில் கண்ணால் பாருங்கள். பலரும் கவனிக்காமல் விடும் குற்றவாளி, வெளியில் போட்ட சீட் கவர். அதை இழுத்துக் கட்ட அடியில் மாட்டும் எஸ் வடிவக் கம்பிக் கொக்கி வயர்க் கட்டைப் பிடித்துக்கொள்ளும். இருக்கை நகர நகர வயர் இழுபட்டு, உறைக்குள்ளேயே இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே பார்த்தால் வயர் முழுதாகவே தெரியும், ஆனால் அந்த இடத்தை விரலால் மடக்கினால் நூல்போலத் துவளும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைக்கு அது விரியும் வழியை அடைக்கும் கவர் போடவே கூடாது என்பது வேறு விஷயம்.

அடுத்தது கனெக்டரில் பூக்கும் களிம்பு. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்யும் குமரி மாவட்டம் நம்முடையது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரமாக இருந்தால் கனெக்டரின் பின்களில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்க வாய்ப்பு அதிகம், ஏர்பேக் விளக்குக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். வாங்கிய கார் வெள்ளத்தில் நின்றதா என்பதை இருக்கைத் தண்டவாளத்தின் துருவும் கார்பெட்டுக்கு அடியில் படிந்த வண்டலும் சொல்லிவிடும்.

கண்ணுக்கு எதுவும் படவில்லை என்றால் மீட்டரை எடுங்கள். சுமை இல்லாமல் அளந்தால் ஓரிரு இழைகள் மட்டும் மிஞ்சிய வயரும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். ஆகவே ஒருவர் சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் கனெக்டரின் பின்புறமாக, பேட்டரியில் உள்ளதைவிட பவர் வயரில் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் அந்த வழியில் தடை இருக்கிறது. பிறகு, சுவிட்சை அழுத்தியபடியே, எர்த் வயருக்கும் பெயின்ட் இல்லாத பாடி இரும்புக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட் காட்டினால்கூட எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்து இறுக்க வேண்டும். ஓர் உப்புத்தாள்தான் பல நேரங்களில் இதற்கான செலவு.

கனெக்டரைப் பிரிக்க இருக்கையைத் தளர்த்த வேண்டுமென்றால், இருக்கை நகரும் நிலையில் இருக்கும்போதே முழுவதும் பின்னே தள்ளி முன்போல்ட்டுகளையும், முன்னே கொண்டுவந்து பின்போல்ட்டுகளையும் கழற்றிவிட்டு, அதன்பிறகே பேட்டரியின் மைனஸை எடுங்கள். கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம், அது கிடைக்காவிட்டால் பத்து நிமிடம் காத்திருந்து கனெக்டரைத் தொடுங்கள். மஞ்சள் கனெக்டர் பிரிந்திருக்கும்போது இக்னிஷன் போடாதீர்கள்.

அறுந்த வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இங்கே நிலைக்காது. வெயிலில் பசை உருகி டேப் கழன்றுவிடும். ஈயம் வைத்தால் மடங்கும் இடம் விறைத்து, அதன் ஓரத்தில் மீண்டும் அறும். அதே தடிமன் வயரைக் கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் வைத்து நெரித்து இணைத்து), சூடாக்கினால் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, இருக்கை முழுதும் நகரும் அளவுக்கு நீளம் விட்டுக் கட்டுங்கள். மஞ்சள் வயரில் மட்டும் இந்த வேலை கூடாது. அந்த வயர்க் கட்டையே மாற்ற வேண்டும். பியூஸ் போனால் அதே ஆம்பியரில் போடுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள்: ஏசி நீர் வெளியேறும் குழாய், கதவு ரப்பர், சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால். எல்லாம் முடிந்தபின் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஸ்கேனரில் பிழைக் குறியீட்டைப் படித்து அழிக்கச் சொல்லுங்கள்; அழித்தும் அதே குறியீடு திரும்பினால், அந்த வேலை கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு உரியது.