தொட்டால் கத்துகிறது, திறக்க மறுக்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குப் பார்வை ரொம்ப மங்கிவிட்டது. யாரோ சொன்னார்களே என்று அவர் போனில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கை ஆன் செய்தேன். அதிலிருந்து எதைத் தொட்டாலும் கத்துகிறது, ஒன்றும் திறக்கவில்லை. போன் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, அது அப்படித்தான். முதல் தொடுதல், விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு மட்டும். திறக்க இரண்டு முறை தட்ட வேண்டும், திரையை நகர்த்த இரண்டு விரலால் இழுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஆன் செய்து கையில் கொடுத்தால் யாருக்கும் வெறுத்துத்தான் போகும். முதலில் பேச்சு வேகத்தைக் குறைத்து வையுங்கள், அப்புறம் அழைப்பை எடுப்பதும் வைப்பதும் மட்டும் ஒரு வாரம் பழகட்டும். அதற்குப் புதிய டாக்பேக்கில் இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டினால் போதும், பச்சை பட்டனைத் தேடித் தடவ வேண்டியதில்லை. சில ஆப்களில் வெறுமனே "பட்டன், பட்டன்" என்றே படிக்கும். அது அப்பாவின் தப்பும் இல்லை, டாக்பேக்கின் தப்பும் இல்லை, பட்டனுக்குப் பெயர் எழுதாமல் விட்ட ஆப்காரர்களின் சோம்பேறித்தனம்.

மாத்திரை அட்டையில் காலாவதி தேதி பார்ப்பது மாதிரி வேலைகளுக்கு பீ மை ஐஸ் ஆப் இருக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள டென்மார்க்காரர் ஒருவரின் யோசனை, 2015-இல் வந்தது. வீடியோ அழைப்பில் ஒரு தன்னார்வலர் பார்த்துச் சொல்வார். முன்பின் தெரியாதவர்தானே, வங்கி அட்டையை மட்டும் காட்ட வேண்டாம்.

கேள்வி: டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் சிரமம்) உள்ள மகனுக்குத் தனி எழுத்துரு உள்ள ஆப் வாங்கலாமா?

பதில்: எழுத்துருவுக்காகக் காசு கொடுக்காதீர்கள். அடிப்பகுதி தடித்த அந்த எழுத்துகளால் படிப்பு வேகம் கூடுவதாக ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. படிக்கும் சொல்லை வண்ணத்தில் காட்டிக்கொண்டே வாசிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், பல போன்களிலேயே இலவசமாக உண்டு.

கேள்வி: நான்கு வயது மகள் இன்னும் பேசவில்லை. படத்தைத் தொட்டால் பேசும் ஆப்பைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அதற்குப் பழகிவிட்டால் பேசவே மாட்டாளோ என்று மாமியார் பயப்படுகிறார்.

பதில்: நியாயமான பயம்தான், ஆனால் நடப்பது வேறு. சைகை, படம் மாதிரி மாற்று வழிகளைப் பற்றி 2006-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், நம்பகமான ஆய்வுகளில் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. பிரச்சினை வேறிடத்தில்: பெரியவர்கள் ஆப்பைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு "சொல்லு, சொல்லு" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்களும் அதில் பேச வேண்டும். தண்ணீர் கொடுக்கும்போது "தண்ணீர்" படத்தை நீங்களே தொட்டுக்கொண்டே வாயாலும் சொல்லுங்கள், மாமியாரையும் தொடச் சொல்லுங்கள். படங்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள், அவள் விரல் இடத்தைத்தான் நினைவு வைத்திருக்கும். குறும்பு செய்தாள் என்று அந்த டேப்லெட்டைப் பிடுங்கி வைப்பது ரொம்பத் தப்பு, வாயைப் பொத்துகிற மாதிரி. கார்ட்டூன் பார்க்க வேறு கருவி இருக்கட்டும். முக்கியமான படங்களை ஒரு அட்டையில் அச்சடித்தும் வைத்துக்கொள்ளுங்கள், சார்ஜ் தீரும்போது கைகொடுக்கும்.