வானத்து மூலை ஏன் கறுக்கிறது?

கேள்வி: பழைய 6x9 டெக்னிகல் கேமரா (லென்ஸை மட்டும் தனியாக ஏற்றி இறக்கக்கூடியது) ஒன்று வாங்கினேன், 120 பிலிம் போடுவது. எங்கள் ராஜகோபுரத்தைச் சாயாமல் நேராக எடுக்க ஆசை. ஆனால் கூட வந்த 105 மி.மீ. லென்ஸை மேலே உயர்த்தினால் படத்தின் மேல் மூலைகள் கறுத்துவிடுகின்றன. 65 வாங்குவதா, 90 வாங்குவதா? ‘டிஜிட்டல்’ என்று எழுதிய லென்ஸ்கள் இன்னும் கூர்மை என்கிறார்களே, அவை சரிப்படுமா?
- வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: உங்கள் 105 நான்கு கண்ணாடி கொண்ட டெஸ்ஸார் வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது 6x9 பிலிமை மூடும், அவ்வளவுதான். லென்ஸை நகர்த்த மிச்சம் வைக்காது. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்று வாங்கி ஏமாந்தவன். வீட்டுக்குள் எவர்சில்வர் குடத்தை வைத்து, ஏறக்குறைய அதன் அசல் அளவிலேயே கேமராவின் பின்கண்ணாடியில் விழவைத்து, லென்ஸை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். நான்கு மூலையும் பளிச். மறுநாள் தெருவில் எடுத்த படத்தில், வானத்தின் இரண்டு மூலையிலும் அடுப்புக்கரி பூசினாற்போல் இருந்தது. கிட்டத்தில் போகஸ் செய்யும்போது, பிலிம் மேல் லென்ஸ் வீசும் ஒளிவட்டம் பெரிதாகும், அசல் அளவில் இரு மடங்கே ஆகிவிடும். தூரத்துக்கு வைக்கும்போதுதான் அதன் உண்மையான அளவு தெரியும். குடத்துக்கு அது தெரியுமா!

ஆகவே கடைக்காரரிடம் எத்தனை மி.மீ. லென்ஸ் என்பதோடு நிறுத்தாதீர்கள். எஃப் 22-ல் (லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கிய நிலை), தூரத்துக்கு வைத்தால், வட்டம் எவ்வளவு என்று கேளுங்கள். 6x9 என்பது உண்மையில் 56x84 மி.மீ., மூலைக்கு மூலை 101. லென்ஸ் நடுவில் இருக்கும்போது அந்த அளவு வட்டம் போதும். கேமராவை நெட்டுக்கு வைத்து லென்ஸை 20 மி.மீ. உயர்த்தினால் 136 வேண்டும், 30 உயர்த்தினால் 155.

ஷ்னைடர் சூப்பர் ஆங்குலான் 65, எஃப் 8 (இந்த எஃப் அந்த லென்ஸின் மிகப் பெரிய துவாரம்) என்ற லென்ஸுக்கு எஃப் 22-ல் வட்டம் சரியாக 155. உங்கள் 105-ஐவிட எவ்வளவோ குட்டையான லென்ஸ், ஆனால் வட்டம் பெரிது. வடிவமைப்பு அப்படி. அதே வரிசையில் 47, எஃப் 5.6-க்கு 123தான், 12 மி.மீ.க்கு மேல் ஏற்ற முடியாது. 90, எஃப் 8 என்றால் 216. நிக்கோர் 90, எஃப் 8 என்றால் 235. இவ்வளவு வட்டத்தைத் தின்று தீர்க்கிற அளவுக்கு உங்கள் கேமரா நகராது.

அப்படியானால் 90தானே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ராஜகோபுரம் 236 அடி. கேமராவைத் தரையிலிருந்து ஐந்தடியில் மட்டமாக நிறுத்தி, லென்ஸை 30 மி.மீ. உயர்த்தினால், 65-க்கு சுமார் 210 அடி பின்னால் போனால் உச்சி விழும். 90-க்கு 290 அடி போகவேண்டும். உயர்த்தாமலே எடுப்பதென்றால் 65-க்கே 360 அடி. பூக்கடை, ஆட்டோ, மின்கம்பி எல்லாம் தாண்டி எது உங்களுக்குக் கிடைக்கும் என்று நடந்து பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். நான் என்றால் 65தான்.

ஒரு சங்கடம் உண்டு. 65 போட்டால் பெல்லோஸ் (லென்ஸையும் கேமராவின் பின்பக்கத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) நசுங்கி விறைத்துக்கொள்ளும். வட்டம் இடம் கொடுத்தாலும் பெல்லோஸ் கொடுக்காது. அதனால் கேமராவையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தூரத்து மாடி ஒன்றை போகஸ் செய்து, எஃப் 22 வைத்து, லென்ஸை உயர்த்தி, பின்கண்ணாடியைக் கழற்றுங்கள். பிலிம் சட்டத்தின் கீழ் மூலையில் கண்ணை வைத்து லென்ஸுக்குள் பாருங்கள் (படம் தலைகீழாக விழுவதால் அதுதான் வானத்து மூலை). துவாரம் முழுசாகத் தெரிந்தால் நல்லது. ஓரம் வெட்டுப்பட்டுப் பூனைக்கண் மாதிரி தெரிந்தால், அந்த மூலை கறுக்கப்போகிறது.

டிஜிட்டல் லென்ஸ்? கூர்மை உண்மைதான். ஆனால் அவற்றில் பல சிறிய சென்சாருக்காகச் செய்தவை. ரோடன்ஸ்டாக் டிகாரான்-எஸ் 60-க்கு வட்டம் 70 மி.மீ. உங்கள் பிலிமின் நீளமே 84!