பாரிசிலிருந்து லண்டன்: டேட்டிங் ஆங்கிலத்தில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் எங்கே சிக்குகிறார்கள்?

கேள்வி: "பாரிசில் வளர்ந்தவன். வீட்டில் தமிழ், பள்ளியிலிருந்து வேலை வரை எல்லாம் பிரெஞ்சு. விரைவில் லண்டனுக்கு வேலை மாற்றலாகிப் போகிறேன். ஆபீஸ் ஆங்கிலம் சமாளித்துவிடுவேன். ஆனால் ஒரு பெண்ணைப் பிடித்திருந்தால் ஆங்கிலத்தில் எப்படிப் பேசுவது என்று புரியவில்லை. டேட்டிங் விஷயத்தில் என்னைப் போல பிரெஞ்சில் யோசிக்கிறவர்கள் எந்த வார்த்தைகளை முதலில் கற்க வேண்டும்?"

நான் புதுச்சேரிக்காரன். லியோனில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் லண்டனிலோ டப்ளினிலோ வேலைக்குப் போகத் தயாராகிறவர்கள். வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி அவர்கள் கேட்பதும் உங்கள் கேள்வியைத்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

புது வார்த்தைகளைத் தேடிப் பட்டியல் போடாதீர்கள். தெரியாத வார்த்தை வந்தால் நின்று, கேட்டுத் தெரிந்துகொள்வோம். மாட்டிவிடுவது பிரெஞ்சில் இருக்கிற அதே முகத்தோடு ஆங்கிலத்திலும் வந்து நிற்கிற வார்த்தைகள். 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தன. பிறகு இரண்டு மொழியும் அவரவர் வழியில் போயின, பொருளும் மாறிப்போனது. காதல், உறவு போன்ற இடங்களில் இந்த மாற்றம் நன்றாகவே உறைக்கும்.

ஆப்பில் ப்ரொஃபைல் எழுதுவதிலிருந்தே தொடங்கலாம். பிரெஞ்சில் கல்யாணமாகாதவர், துணை இல்லாதவர் எல்லாரும் 'செலிபதேர்'. அதை அப்படியே 'ஐ ஆம் செலிபேட்' என்று எழுதினால், நான் உடலுறவே வைத்துக்கொள்வதில்லை என்று சொன்னதாகிவிடும். நம் 'பிரம்மச்சாரி' கல்யாணமாகாதவனுக்கும் பொருந்தும், விரதம் இருப்பவனுக்கும் பொருந்தும். ஆங்கிலச் சொல்லுக்கு அந்தத் தாராளம் கிடையாது. 'சிங்கிள்' என்று எழுதுங்கள், போதும். 'சான்சீப்ள்' என்றால் பிரெஞ்சில் மென்மையான மனசுக்காரர். ஆங்கில 'சென்சிபிள்' நிதானமாக முடிவெடுக்கிறவர். அதுவும் நல்ல குணம்தான், ஆனால் நீங்கள் சொல்ல வந்தது 'சென்சிடிவ்'. அப்புறம் 'கொங்க்யுபேன்'. பிரெஞ்சு சிவில் சட்டத்திலேயே இருக்கிற சொல், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவரைக் குறிப்பது, அரசாங்கப் படிவங்களிலும் வரும். ஆங்கிலத்தில் 'கான்க்யுபைன்' என்றால் அந்தப்புர ஆசைநாயகி நினைவுதான் வரும். லண்டனில் எல்லாரும் சொல்வது 'பார்ட்னர்'. ஆணா பெண்ணா, கல்யாணம் ஆனதா இல்லையா என்று எதையும் காட்டிக்கொடுக்காத சொல் அது.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து அவசரமில்லாமல் படியுங்கள். வார்த்தைகளை விட இந்த இடத்தில்தான் என் மாணவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள்.

பழைய உறவைப் பற்றிப் பேச்சு வருகிறது. இரண்டு வருஷம் ஒருவருடன் இருந்தேன், பிரிந்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். பிரெஞ்சில் 'ழே எத்தே அவெக் எல் பாந்தான் தூஸான்'. அதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் 'ஐ ஹேவ் பீன் வித் ஹர் ஃபார் டூ இயர்ஸ்' என்று வருகிறது. இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அதற்குப் பொருள், இரண்டு வருஷமாக அவளோடுதான் இருக்கிறேன், இன்றைக்கும் இருக்கிறேன் என்பது. எதிரே உட்கார்ந்திருக்கிற பெண் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. முடிந்துபோன உறவுக்கு 'ஐ வாஸ் வித் ஹர் ஃபார் டூ இயர்ஸ்'. இன்னும் தொடர்கிற உறவுக்கு 'ஐ ஹேவ் பீன்'. பிரெஞ்சுக்காரர்களோ தொடர்வதற்கு 'ஐ ஆம் வித் ஹர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்பார்கள். அது இலக்கணப் பிழை, ஆனால் புரிந்துவிடும், யாருக்கும் கெடுதல் இல்லை. முடிந்த உறவுக்குச் சொன்ன 'ஐ ஹேவ் பீன்' சரியான வாக்கியம், பொருள்தான் தலைகீழ். அதனால்தான் ஆபத்து.

இங்கே உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பிரெஞ்சில் யோசிக்காமல் தமிழில் யோசியுங்கள். 'இரண்டு வருஷம் இருந்தேன்' என்று தமிழில் வந்தால் 'வாஸ்'. 'இரண்டு வருஷமா இருக்கேன்' என்று வந்தால் 'ஹேவ் பீன்'. அந்த ஒரு 'ஆ' உங்களைக் காப்பாற்றும்.

ஆனால் தமிழும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. 'புரபோஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். நம் ஊரில் புரபோஸ் பண்ணினான் என்றால் காதலைச் சொல்லிவிட்டான். பிரெஞ்சில் 'புரொப்போசே' என்றால் சும்மா ஒரு யோசனை சொல்வது, படம் பார்க்கலாமா என்பது மாதிரி. ஆங்கிலத்தில் ஒரு ஆண் ஒரு பெண்ணிடம் புரபோஸ் பண்ணினால் கல்யாணத்துக்குக் கேட்கிறான் என்றுதான் அர்த்தம், பெரும்பாலும் மோதிரத்தோடு. 'லவ்வர்' கதையும் இப்படித்தான். ஊரில் 'என் லவ்வர்' என்று கூச்சமில்லாமல் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது படுக்கையறை வாசம் வீசுகிற சொல். பிரெஞ்சு 'அமான்' இன்னும் ஒரு படி மேலே, கள்ளக்காதலன் வரைக்கும் போகும். பாய்ஃபிரண்ட், கேர்ள்ஃபிரண்ட் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் மாணவர் ஒருவர் ஒரு பார்ட்டியில் சந்தித்த ஆங்கிலேயப் பெண்ணுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு மெசேஜை என்னிடம் காட்டினார். 'ஐ புரபோஸ் யூ எ டின்னர் ஆன் சாட்டர்டே. இட் வில் பி எ நைஸ் ரான்தேவூ. ஐ கிஸ் யூ.' மூன்று வரிக்குள் எல்லாமே இருக்கிறது. முதல் வரிக்கு லண்டனில் சொல்வது 'டு யூ ஃபேன்சி டின்னர் ஆன் சாட்டர்டே?' இந்த 'ஃபேன்சி'யைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள், பிரிட்டனில் தினமும் காதில் விழும். 'ஃபேன்சி எ டிரிங்க்?' என்றால் ஒரு டிரிங்க் சாப்பிடலாமா. 'ஐ ஃபேன்சி யூ' என்றால் உன்மேல் எனக்கு ஈர்ப்பு.

இரண்டாவது வரி. பிரெஞ்சில் பல் டாக்டரைப் பார்க்கப் போவதும் ரான்தேவூ, பேங்க் மேனேஜரைப் பார்க்கப் போவதும் ரான்தேவூ, மனசுக்குப் பிடித்தவரைப் பார்க்கப் போவதும் ரான்தேவூ. ஆங்கிலம் டாக்டருக்கு 'அப்பாயின்ட்மென்ட்', பிடித்தவருக்கு 'டேட்' என்று பிரித்து வைத்திருக்கிறது. 'ரான்தேவூ' ஆங்கிலத்திலும் இருக்கிறது, ஆனால் ஏதோ ரகசியச் சந்திப்பு மாதிரி ஒலிக்கும்.

மூன்றாவது வரியை நானே எடுத்துவிட்டேன். பிரெஞ்சில் அம்மாவுக்கும் அத்தைக்கும் தோழிக்கும் எழுதும்போது கடைசியில் 'ழெ தாம்ப்ராஸ்' என்று முடிப்பது மரியாதை கலந்த பிரியம். ஆங்கிலத்தில் 'ஐ கிஸ் யூ' என்றால், இன்னும் ஒரு முறைகூடத் தனியாகச் சந்திக்காத பெண் மிரண்டுபோவார். பிரிட்டனில் அந்த இடத்தை நிரப்புவது கடைசியில் ஒரு சின்ன எக்ஸ் எழுத்து. நண்பர்களும் வீட்டாரும்கூட ஒருவருக்கொருவர் போடுவார்கள். அதனால் உங்களுக்கு ஒரு எக்ஸ் வந்துவிட்டது என்று கோட்டை கட்ட வேண்டாம். அதே சமயம், தோளைச் சேர்த்து அணைக்கிற 'ஹக்' ஆங்கிலேயர்களிடம் சாதாரண நட்பு. பிரெஞ்சுக்காரர்கள் கன்னத்தோடு கன்னம் வைக்கிற 'பீஸ்' போடுவார்கள், ஆனால் ஹக் என்றால் கூசுவார்கள். லண்டனில் முதல் சந்திப்பில் அவர் ஹக் கொடுத்தால் அது வணக்கம் மாதிரி.

சரி, இப்போது படிகள். இதுதான் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன். பிரான்சில் பொதுவாக முத்தம் வரைக்கும் வந்துவிட்டால் இருவரும் ஜோடி. யாரும் தனியாக உட்கார்ந்து அறிவிப்பதில்லை. 'ழெ சுயி சொர்த்தி அவெக் எல்' என்றால் அவளோடு வெளியே போனேன் என்பது மட்டும் இல்லை, எங்களுக்குள் ஏதோ நடந்தது என்பதும் சேர்ந்தே வரும். ஆங்கிலத்தில் 'ஐ வென்ட் அவுட் வித் ஹிம் ஒன்ஸ்' என்று அவர் சொன்னால் ஒரு மாலை சேர்ந்து சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். பொறாமைப்பட அதில் ஒன்றும் இல்லை. 'வி ஆர் கோயிங் அவுட்' என்று சொன்னால்தான் ஜோடி.

இடையில் பல படிகள் இருக்கின்றன. 'டாக்கிங்' என்றால் மெசேஜில் பேச்சு ஓடுகிறது. 'சீயிங் ஈச் அதர்' என்றால் சில தடவை சந்தித்திருக்கிறார்கள், இன்னும் உறுதி இல்லை. 'டேட்டிங்' என்றால் அடிக்கடி சந்திக்கிறார்கள். 'எக்ஸ்க்ளூசிவ்' என்றால் வேறு யாரையும் சந்திப்பதில்லை என்று இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டாகிவிட்டது. அதற்கு அப்புறம்தான் 'ரிலேஷன்ஷிப்'. எல்லாரும் ஒழுங்காக ஒவ்வொரு படியாக ஏறுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் இந்தப் பிரிவினை இன்னும் கறார். ஆனால் முத்தம் கொடுத்த மறுநாள் நீங்கள் அவரை 'மை கேர்ள்ஃபிரண்ட்' என்று அலுவலகத்தில் அறிமுகம் செய்தால் அவர் திகைப்பார். அவர் அதே வாரம் இன்னொருவருடன் காபி சாப்பிடப் போனால் நீங்கள் உடைந்துபோவீர்கள். இருவர் பக்கமும் தப்பில்லை. அதனால் கேட்டுவிடுங்கள்: 'ஆர் யூ சீயிங் எனிவன் எல்ஸ்?' இந்தக் கேள்வி பிரெஞ்சுக் காதுக்கு விசாரணை மாதிரி ஒலிக்கும். ஆங்கிலத்தில் அது கண்ணியமான கேள்வி, பலரும் அதை எதிர்பார்த்தே இருப்பார்கள்.

'லைக்', 'லவ்' இரண்டுக்கும் பிரெஞ்சில் 'எமே' ஒன்றுதான். 'ழெ தெம்' என்றால் காதல். அதோடு 'பியான்' சேர்த்தால் காதல் குறைந்து வெறும் பிடித்தம் ஆகிவிடும். வேறெங்கும் நல்லது என்று பொருள் தருகிற சொல் இங்கே மட்டும் வெட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் எதைச் சேர்த்தாலும் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். 'ஐ லைக் யூ' என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், நேரே கண்ணைப் பார்த்துச் சொன்னால் அது போதுமான அளவு பெரிய வாக்கியம். 'லவ்' வர நாளாகும்.

'த்யு ம மாங்க்' என்ற அழகான வாக்கியமும் ஆங்கிலத்தில் தலைகீழாகிவிடும். பிரெஞ்சில் 'நீ எனக்குக் குறைகிறாய்' என்று வருவதால், பலர் ஆங்கிலத்திலும் 'யூ மிஸ் மீ' என்று எழுதிவிடுகிறார்கள். ஏங்குவது நான் என்று சொல்லப்போய், நீதான் எனக்காக ஏங்குகிறாய் என்று முடிகிறது. தமிழில் 'மிஸ் பண்றேன்' என்று சொல்கிற வரிசையே சரி: 'ஐ மிஸ் யூ'.

பிரெஞ்சு இளைஞர்கள் பேசுகிற 'ஆங்கில' வார்த்தைகளையும் நம்ப வேண்டாம். 'செக்ஸ் ஃபிரண்ட்' என்று பாரிசில் தாராளமாகச் சொல்கிறார்கள், லண்டனில் அப்படி யாரும் சொல்வதில்லை. அங்கே அது 'ஃபிரண்ட்ஸ் வித் பெனிஃபிட்ஸ்'. 'க்ரஷ்' சரி, ஆனால் 'ஐ ஹேவ் எ க்ரஷ் ஆன் ஹர்' என்று முழுதாகப் பழகுங்கள்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று. பிரெஞ்சு நாக்கு ஹகரத்தை விழுங்கும். 'ஐ ஆம் ஹங்ரி' என்பது 'அங்ரி' ஆகி, எதிரே இருப்பவர் காதில் கோபமாக இருக்கிறேன் என்று விழும். உணவகத்தில் உட்கார்ந்துகொண்டு இது வேண்டாம்.

மறுப்பைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால் பிரெஞ்சில் 'முயலை வைத்துவிட்டுப் போனாள்' என்பீர்கள், கேட்டு மறுக்கப்பட்டால் 'வாருகோல் (சருகு வாருகிற கருவி) வாங்கினேன்' என்பீர்கள். லண்டனில் முயல் 'ஐ காட் ஸ்டுட் அப்', வாருகோல் 'ஷி டர்ன்ட் மீ டவுன்'. பதிலே இல்லாமல் காணாமல் போனால் 'கோஸ்டிங்', அதை இப்போது பிரெஞ்சிலும் அப்படியேதான் சொல்கிறார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது நேரடி மறுப்பு இல்லை. பிரெஞ்சுக்காரர் வேண்டாம் என்றால் 'நோன்' என்பார். ஆங்கிலேயர் பல நேரம் 'தட் வுட் பி லவ்லி, லெட் மி செக் மை டயரி' என்பார். அதற்குப் பிறகு அவர் பக்கத்திலிருந்து எந்தத் தேதியும் வரவில்லை என்றால் அதுதான் 'நோ'. இன்னொரு தடவை கேட்காதீர்கள். விருப்பம் இருக்கிறவர் 'சாட்டர்டே முடியாது, சண்டே எப்படி?' என்று தானே ஒரு நாள் சொல்வார்.