தப்பு சைஸ் ஷெல் பேரிங்கை வீட்டு லேத்துல கடைஞ்சு போடலாமா?

கேள்வி: சார், பெங்களூரு அல்சூர்ல இருக்கேன், பழைய டீசல் ஜீப் ஒண்ணை வீட்லயே பிரிச்சு ரெடி பண்றேன். கிராங்க் 0.25 அண்டர்சைஸ் (விட்டம் 0.25 மிமீ குறையுற மாதிரி) கிரைண்டிங் முடிஞ்சு வந்தாச்சு. ஜே.சி. ரோட்ல ஒரு கடைல 0.25னு சொல்லித்தான் கான்ராடு (பிஸ்டனை கிராங்க்கோட சேக்குற தண்டு) பேரிங் செட் வாங்கினேன், பில்லுலயும் அப்படித்தான் இருக்கு, பாக்கெட்டை பிரிச்சா ஷெல்லோட, அதாவது அந்த அரைவட்ட பேரிங் தகட்டோட பின்பக்கம் 0.50னு பஞ்ச் அடிச்சிருக்கு. மாத்தித் தர மாட்டாங்களாம், லேத் இருக்குல்ல, லேசா போரிங் போட்டுக்கங்கன்னு சொல்றாங்க. என்கிட்ட சின்ன லேத் இருக்கு, செய்யலாமா?

பதில்: வேண்டாம் சார், அதுல டூலே வைக்காதீங்க. கணக்கு பாருங்க, 0.50 செட்டை 0.25க்கு கொண்டு வரணும்னா ஒவ்வொரு ஷெல்லுலயும் 0.125 மிமீ எடுக்கணும், கேக்க சின்னதா இருக்கும், ஆனா ஸ்டீல் மேல இருக்குற அந்த பேரிங் மெட்டலே பல ஷெல்லுல அரை மிமீ கூட வராது, அதுக்கு மேல ஓவர்லே கோட்டிங் இருந்தா அது பத்து இருபது மைக்ரான்தான், முதல் கட்லயே போயிடும். அதோட ஷெல் வெளிய இருக்கும்போது சரியான வட்டமே கிடையாது, கொஞ்சம் விரிஞ்சுதான் இருக்கும், கான்ராடுல வச்சு கேப் போல்ட்டை சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கினாதான் அமுங்கி வட்டமாகும். நிறைய ஷெல்லுல ஜாயிண்ட் பக்கம் கனம் வேணும்னே கம்மியா வச்சிருப்பாங்க. இதை சக்குல பிடிச்சு கடைஞ்சா என்ன வடிவம் வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆயில் பிரஷர் இறங்கி கிராங்க்கே போயிடும், அப்ப கிரைண்டிங் காசும் தண்டம்.

கிராங்க்கை 0.50க்கு கிரைண்ட் பண்ணிடுங்கன்னு யாராவது சொல்வாங்க. கடைக்காரர் தப்புக்கு உங்க கிராங்க்கோட அடுத்த ஆயுசை ஏன் சார் இப்பவே செலவழிக்கணும்?

உங்க லேத்துக்கு வேற வேலை இருக்கு. கான்ராடோட சின்ன முனையில வர்ற பிஸ்டன் பின் புஷ், அதை கன்மெட்டல்லயோ பாஸ்பர் பிரான்ஸ்லயோ தாராளமா கடையலாம், உள் அளவை மட்டும் கொஞ்சம் கம்மியா விட்டு, பிரஸ் பண்ண அப்புறம் ரீமரோ ஹோனிங்கோ போட்டு பின்னுக்கு சேர வைங்க, ஏன்னா அடிச்சு ஏத்தினதும் உள்ள சுருங்கும்.

இப்ப பேரிங் விஷயம். பில்லுல 0.25, கையில 0.50, இது முழுக்க உங்க பக்கம் நிக்குற கேஸ். பில், பாக்கெட், பஞ்ச் எல்லாத்தையும் போட்டோ எடுத்து கடைக்கு வாட்ஸ்அப்ல எழுத்துல அனுப்புங்க. வித்த பொருளை வாபஸ் வாங்க மாட்டோம்னு பில்லுல அச்சடிச்சிருந்தாலும் பயப்படாதீங்க, தப்பு பொருளை கொடுத்துட்டு அந்த வரியை காட்டி தப்பிக்க முடியாது. மசியலன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். ஆனா ஷெல்லுல ஒரு கீறல் விழுந்தா கூட, நீங்கதான் கெடுத்தீங்கன்னு சொல்லிடுவாங்க, அதனால எண்ணெய் காகிதத்துல சுத்தி அப்படியே வைங்க.

புது செட் வாங்குறப்போ கவுண்டர்லயே பின்பக்க நம்பரை பாத்துட்டு காசு குடுங்க, சில கம்பெனி இஞ்ச்ல 010னு போட்டிருக்கும், அதுவும் 0.25 தான்.