ஆல்புமின் 2.6: அம்மாவுக்குப் புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா?

வணக்கம். ஆன்கா வாஸ்குலைட்டிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறு ரத்தக்குழாய்களைத் தாக்கி அழற்சி உண்டாக்கும் நோய்) வந்த அம்மாவுக்கு மூன்று மாதத்தில் 7 கிலோ எடை குறைந்திருக்கிறது, ரத்தத்தில் உள்ள புரதமான ஆல்புமின் 2.6-க்கு இறங்கியிருக்கிறது, புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். ஆல்புமின் சாப்பாடு குறைந்ததால் மட்டும் இறங்குவதில்லை. ரத்தக்குழாய் அழற்சி தீவிரமாக இருந்தாலே கல்லீரல் அதைக் குறைவாகத்தான் தயாரிக்கும். சிறுநீரில் புரதம் கசிந்தாலும் இறங்கும். அதனால் சிறுநீர்ப் புரதம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் பாதித்திருந்தால் எவ்வளவு புரதம் என்பதைச் சிறுநீரக மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்காக எடைக் குறைவை லேசாக விடவும் கூடாது. உடல் மெலிந்தால் தொற்றைத் தாங்கும் சக்தியும் குறையும். இந்த நோயில் முதல் வருடம் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் தொற்றுதான், நோயைவிட அதிகமாக. ஆல்புமினையும் லிம்போசைட்டையும் (ஒரு வகை ரத்த வெள்ளணு) வைத்துப் போடும் ஊட்டச்சத்துக் குறியீடு தாழ்ந்தவர்களிடம் இறப்பு கூடுதல் என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு மருந்துகளே லிம்போசைட்டைக் குறைக்கும். அதனால் அந்தக் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்துக் கலங்காதீர்கள்.

அப்புறம் ஒன்று, ஸ்டீராய்டில் முகம் உப்பும், தசை கரைவது கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை மேற்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கிரியாட்டினின் எவ்வளவு என்று இங்கே சொல்லுங்கள்.