சிறுத்தையும் அதன் விமர்சகர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய எழுத்தாளர் லாம்பெதூசாவின் ‘சிறுத்தை’ நாவலில் நாற்பது பக்கம் தாண்டியிருக்கிறேன். அதற்குள் சில விமர்சனங்கள் கண்ணில் பட்டன. பிற்போக்கு நாவல், நொடித்துப்போன பிரபுவின் புலம்பல் என்கிறார்கள். எனக்கு இத்தாலிய வரலாறும் தெரியாது. அதைப் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்பட்டுமா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

நாற்பதாம் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டு விமர்சனம் தேடப் போனீர்களே! நுட்பமாக வாசிப்பவர் நீங்கள், அதனால்தான் கோபம் வருகிறது.

மோண்டடோரி, எய்னவுதி இரண்டு பதிப்பகங்களும் இதைத் திருப்பியனுப்பின. இரண்டு இடத்திலும் படித்துப் பார்த்தவர் எழுத்தாளர் விட்டோரினி. 1957 ஜூலையில் லாம்பெதூசா இறந்தார். 1958இல் எழுத்தாளர் பஸ்ஸானியின் முயற்சியால் ஃபெல்ட்ரினெல்லி பதிப்பகம் வெளியிட்டது, மறு ஆண்டே இத்தாலியின் ஸ்ட்ரேகா இலக்கிய விருது. இத்தாலிய இடதுசாரிகள் பலர் முகம் சுளித்தபோது பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் அரகோன் கொண்டாடினார். இந்தக் கட்சிச் சண்டையை விடுங்கள்.

என்னைக் கொஞ்ச நாளாக அரித்துக்கொண்டிருப்பது வேறு. எல்லாம் இப்படியே நீடிக்க எல்லாம் மாறியாக வேண்டும் என்ற வரியை ஆசிரியரின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டு அடிக்கிறார்கள். அதைச் சொல்வது யார்? முதல் பகுதியில், 1860 மே மாதம், இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் பக்கம் சேரக் கிளம்பும் தான்க்ரெதி, நாவலின் நாயகனான சிசிலி இளவரசரின் சகோதரி மகன். பிழைக்கத் தெரிந்த இளைஞனின் கணக்கு அது. அந்தக் கணக்கு பலித்ததா என்று பார்க்க எட்டாம் பகுதி வரை போக வேண்டும். 1910. இளவரசர் செத்து 27 ஆண்டுகள். கிழவிகளாகிவிட்ட மகள்கள் போற்றிவந்த புனித எச்சங்களில் (புனிதர்களின் எலும்பு, உடைமை போன்றவை) பெரும்பாலானவை போலி என்று திருச்சபையே ஒதுக்கித் தள்ளுகிறது. பஞ்சடைத்து வைத்திருந்த பெந்திகோ என்ற நாயை ஜன்னல் வழியாகக் குப்பைக்கு எறிகிறார்கள். அந்த நாய்தான் கிட்டத்தட்ட நாவலின் திறவுகோல் என்று லாம்பெதூசாவே நண்பருக்கு எழுதியிருக்கிறார். எதுவும் அப்படியே நீடிக்கவில்லை, எம். பாத்திரத்தின் வாய்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பகுதியைத் தொடாமல் தீர்ப்பு எழுதுவது சோம்பேறித்தனம். அந்த விமர்சனங்களில் பெந்திகோவின் பெயர் வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வரவில்லையென்றால் மூடிவிடுங்கள்.

பிற்போக்கு என்பவர்களுக்கு நாவலில் வரும் 1860 அக்டோபர் வாக்கெடுப்பைக் காட்டுவேன், சிசிலி இத்தாலியோடு இணையலாமா என்பதற்கானது அது. இளவரசரின் பண்ணை ஊரான தோன்னாஃபுகாத்தாவில் மேயர் முடிவை அறிவிக்கிறார்: பதிவானோர் 515, வாக்களித்தோர் 512, ‘ஆம்’ 512, ‘இல்லை’ பூஜ்யம். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் தோன் சிச்சோ பிறகு வேட்டைக்குப் போன இடத்தில் இளவரசரிடம் குமுறுகிறார்: நான் போட்டது ‘இல்லை’ அல்லவா, அது எங்கே போயிற்று? இளவரசரே ‘ஆம்’ போட்டவர். பறிபோனது ஒரு சாமானியனின் வாக்கு. இதைவிடக் கூர்மையான ஜனநாயக விமர்சனத்தை எந்த முற்போக்கு நாவலில் படித்துவிட்டார்கள்?

வரலாறு பற்றிக் கேட்டீர்கள். 1860 மே 11 அன்று கரிபால்டி சிசிலியின் மர்சாலாவில் இறங்கினார், அக்டோபர் வாக்கெடுப்புக்குப் பின் அந்தத் தீவு இத்தாலியோடு இணைந்தது. இப்போதைக்கு இவ்வளவு போதும். நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து தொடருங்கள், எட்டாம் பகுதி முடிந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்